100 பேரில் 23 பேர்: ஒரு கேள்வியின் வரலாறு

போன செமஸ்டரில் ஆய்வு முறையியல் பாடத்துக்கு ஒரு ஒப்படை தந்தார்கள். ஐந்து பேர் கொண்ட குழு. ஒரு வினாக்கொத்து தயாரிக்கவேணும், 60 பேரிட்ட பதில் வாங்கவேணும், அட்டவணை போட்டுக் குடுக்கவேணும். எங்கட குழு 'சமூக மாற்றங்கள் குறித்த இளைஞர் மனப்பாங்கு' எண்டு ஒரு பெரிய தலைப்பை எடுத்தது. கன்ரீனில இருந்து கேள்விகளை எழுதினம். சீதனம் பற்றி, சாதி மாறிக் கலியாணம் கட்டுறது பற்றி, வேலைக்குப் போற பெண்கள் பற்றி. 14ஆவது கேள்வியை நான்தான் எழுதினன்: "ஒருபாலினத் திருமணத்தை ஏற்றுக்கொள்கிறீர்களா? ஆம் / இல்லை."

குழுவில இருந்த ஒரு சிநேகிதர் அந்த நேரம் ஒண்டும் கதைக்கேல்ல. பின்னேரம் பஸ்ஸுக்கு நிக்கேக்கதான் சொன்னார்: "நீங்கள் 60 பேரிட்ட கேட்கப் போறது என்னைப் பற்றித்தான். எத்தனை பேர் 'இல்லை' எண்டு சொன்னவை எண்டு எண்ணி, அந்த அட்டவணையையும் என்னட்டயே போடத் தருவியள், என்ன?"

எனக்கு மறுமொழி வரேல்ல. (அவரிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடியவற்றை விட்டுவிட்டேன்.) அண்டைக்குப் பிறகு, இந்தக் கேள்வியை முதலில் யார் கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள், வந்த எண்களை வைத்து என்ன செய்தார்கள் என்று தேடி வாசிக்கத் தொடங்கினேன். அதில் விளங்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எண்ணத் தொடங்கிய கதை

கருத்துக்கணிப்பு என்ற தொழில் பெரிதாகத் தலையெடுத்தது 1936ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில். 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற சஞ்சிகை சுமார் ஒரு கோடி பேருக்கு வாக்கு அட்டைகளை அனுப்பி, 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்று, ரூஸ்வெல்ட் தோற்பார் என்று அறிவித்தது. ஜோர்ஜ் கலப் அதைவிட மிகச் சிறிய மாதிரியை வைத்துக்கொண்டு ரூஸ்வெல்ட் வெல்வார் என்றார். அன்றிருந்த 48 மாநிலங்களில் 46இல் ரூஸ்வெல்ட் வென்றார். சஞ்சிகை முகவரிகளை எடுத்தது தொலைபேசி, கார் வைத்திருந்தவர்களின் பட்டியல்களிலிருந்து. பொருளாதார மந்த காலத்தில் அவை வசதியானவர்களின் பட்டியல்கள். எத்தனை பேரைக் கேட்டோம் என்பதைவிட யாரைக் கேட்டோம் என்பதே முக்கியம் என்ற பாடம் அங்கிருந்து வந்தது. எங்கட விரிவுரையிலயும் முதல் வாரமே இந்தக் கதை வந்தது.

ஆனால் விரிவுரையில் வராத இன்னொன்று இருக்கிறது. யாரைக் கேட்கிறோம் என்பதற்கு முன்னால், எதைக் கேட்கலாம் என்று ஒருவர் தீர்மானிக்கிறார். கலப் நிறுவனம் 1977இல், தன்பாலினத்தவர்களின் உறவு சட்டபூர்வமானதாக இருக்கவேண்டுமா என்று கேட்டது. 43 வீதம் ஆம், 43 வீதம் இல்லை. அது உறவு குற்றமா இல்லையா என்ற கேள்வி. திருமணம் அப்போது கேள்விக்குள்ளேயே வரவில்லை. சிக்காகோ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த ஆய்வு நிறுவனம் நடத்தும் பொதுச் சமூக ஆய்வில் அது 1988இல் வந்தது. திருமண உரிமைக்கு உடன்பட்டவர்கள் பத்தில் ஒருவருக்குச் சற்று மேல். அதற்குப் பிறகு அந்த ஆய்வு இதே கேள்வியைத் திரும்பக் கேட்டது 2004இல்தான். இடையில் 16 வருடம். யாரும் அதை அவசரமான விடயமாக நினைக்கவில்லை.

அவசரம் வந்தது நீதிமன்றத்தால். 1993இல் ஹவாய் மாநில உயர் நீதிமன்றம், ஒருபாலினச் சோடிகளுக்குத் திருமண அனுமதி மறுப்பது பாரபட்சமாக இருக்கலாம், அதற்கு அரசு வலுவான காரணம் காட்டவேண்டும் என்றது. உடனே எதிர்ப்பு கிளம்பியது. 1996இல் கலப் முதன்முறையாகத் திருமணம் பற்றிக் கேட்டபோது 27 வீதம் ஆதரவு, 68 வீதம் எதிர்ப்பு. அதே வருடம் செப்டெம்பரில் ஜனாதிபதி கிளிண்டன், திருமணம் என்றால் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையிலானது மட்டுமே என்று மத்திய அரசின் நோக்கில் வரையறுக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். செனட்டில் 85 பேர் ஆதரவு, 14 பேர் எதிர்ப்பு. அரசியல்வாதிகள் எண்ணைப் பார்த்து நடந்தார்கள் என்று இதைச் சொல்லலாம். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள் என்றும் சொல்லலாம்.

சொல்லை மாத்தினால் சனமும் மாறுது

2010 பெப்ரவரியில் சீ.பீ.எஸ். தொலைக்காட்சியும் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையும் சேர்ந்து ஒரு கணிப்பு நடத்தின. அது திருமணம் பற்றியதல்ல, இராணுவத்தில் சேர்வது பற்றியது. பதிலளித்தவர்களில் ஒரு பாதிப்பேரிடம் 'ஹோமோசெக்‌ஷுவல்ஸ்' இராணுவத்தில் சேவையாற்றுவதை ஆதரிக்கிறீர்களா என்று கேட்டார்கள். மற்றப் பாதியிடம் அதே கேள்வியை 'கே ஆண்களும் லெஸ்பியன்களும்' என்று மாற்றிக் கேட்டார்கள். முதற் பாதியில் ஆதரவு 59 வீதம். மற்றதில் 70 வீதம். குறிக்கப்படும் ஆட்கள் ஒரே ஆட்கள்தான். முதற் சொல் வைத்தியப் புத்தகத்திலும் பொலிஸ் பதிவிலும் நெடுங்காலம் இருந்த சொல். இரண்டாவது, அந்த மக்கள் தங்களைத் தாங்களே அழைக்கும் சொல்.

தமிழில் இதை யோசித்துப் பாருங்கள். நான் 'ஒருபாலினத் திருமணம்' என்று எழுதினேன். எங்கட ஊரில் வீதியில் பாவிக்கிற சொற்களை இங்கே எழுத விரும்பவில்லை, எல்லாருக்கும் தெரியும். பத்திரிகை செய்தியில் பல காலம் வந்த சொல் 'ஓரினச்சேர்க்கை'. அந்தச் சொல்லில் ஆளும் இல்லை, அன்பும் இல்லை, ஒரு செயல் மட்டும்தான் இருக்கிறது. அந்தச் சொல்லை வைத்து 60 பேரைக் கேட்டால் வாற எண், அந்தச் சொல்லைப் பற்றிய எண். என்னுடைய சிநேகிதரைப் பற்றிய எண் அல்ல.

இன்னொரு பக்கமும் உண்டு. ஆட்கள் மனதில் உள்ளதைக் கேட்கிறவரிடம் சொல்லிவிடுவார்கள் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 2008இல் கலிபோர்னியாவில் ஒருபாலினத் திருமணத்தைத் தடுக்கும் 'எட்டாவது முன்மொழிவு' மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. வாக்கெடுப்புக்குச் சில நாட்களுக்கு முன் ஃபீல்ட் நிறுவனம் வெளியிட்ட கணிப்பில் தடைக்கு ஆதரவு 44 வீதம், எதிர்ப்பு 49 வீதம். முடிவு வந்தபோது தடை 52 வீதத்தோடு வென்றது. கடைசி நாட்களின் பிரசாரம் சிலரை மாற்றியிருக்கலாம். முற்போக்கான மாநிலம் என்று பெயரெடுத்த இடத்தில் தொலைபேசியில் ஒரு பதிலும் வாக்குச்சாவடியில் வேறு பதிலும் கொடுத்தவர்களும் இருந்திருக்கலாம்.

பெரும்பான்மை வரும்வரை காத்திருந்தால்

'சனம் இன்னும் தயாரில்லை' என்ற வசனம் எங்கட ஊரில் எந்த உரிமையைக் கதைத்தாலும் வரும். அமெரிக்காவிலும் வந்தது. அதற்கு நான் கண்ட மிகத் தெளிவான பதில் வேறொரு திருமணத்தின் எண்களில் இருக்கிறது.

வெள்ளையரும் கறுப்பினத்தவரும் கலியாணம் கட்டுவதை ஏற்கிறீர்களா என்று கலப் 1958இல் கேட்டது. ஏற்றவர்கள் 4 வீதம். 1967 ஜூன் 12ஆம் திகதி, வேர்ஜீனியாவைச் சேர்ந்த ரிச்சர்ட், மில்ட்ரட் லவிங் தம்பதியின் வழக்கில் அமெரிக்க உயர் நீதிமன்றம் அப்படியான திருமணங்களைத் தடுக்கும் சட்டங்கள் செல்லாது என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. அடுத்த வருடம் கலப் திரும்பக் கேட்டபோது ஏற்றவர்கள் 20 வீதம் மட்டுமே. ஏற்காதவர்களை ஏற்றவர்கள் முந்தியது 1991இல். 2021இல் 94 வீதம் ஏற்றார்கள்.

நீதிமன்றம் கணிப்பைப் பார்த்துக்கொண்டு இருந்திருந்தால் லவிங் தம்பதி இன்னும் 24 வருடம் பொறுத்திருக்க வேண்டும். ரிச்சர்ட் லவிங் 1975இல் ஒரு வாகன விபத்தில் இறந்துபோனார். பொறுத்திருக்கச் சொல்லுவது இலகு. ஆட்களின் ஆயுள் அட்டவணைக்குக் காத்திருக்காது.

ஒருபாலினத் திருமணத்தில் கதை கொஞ்சம் வேறு மாதிரிப் போனது. 2003 ஜூனில் உயர் நீதிமன்றம் தன்பாலின உறவைக் குற்றமாக்கும் மாநிலச் சட்டங்களை நீக்கியபோது, அந்த உறவு சட்டபூர்வமாக இருக்கவேண்டும் என்றவர்களின் தொகை மே மாதத்தில் இருந்த 60 வீதத்திலிருந்து ஜூலையில் 50க்குக் கீழே விழுந்தது. 2004 மே மாதம் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் திருமணங்கள் தொடங்கின. அதே நவம்பரில் 11 மாநிலங்களில் மக்கள் வாக்களித்து அதற்குத் தடை போட்டார்கள். தீர்ப்பு வந்தால் சனம் உடனே பின்னால் வரும் என்று யாராவது சொன்னால் அதுவும் முழு உண்மையில்லை. கலப் கணிப்பில் ஆதரவு முதன்முறை பாதியைத் தாண்டியது 2011இல், 53 வீதம். 2015 ஜூன் 26இல் நாடு முழுவதற்குமான தீர்ப்பு வந்தபோது 60 வீதம். அந்தத் தீர்ப்பும் ஐந்துக்கு நான்கு என்றுதான் வந்தது.

ஏன் மாறினார்கள்? பியூ ஆய்வு மையம் 2013இல் மனம் மாறி ஆதரவாளர்களாக வந்தவர்களிடம் காரணத்தைக் கேட்டது. மூன்றில் ஒரு பங்கினர் அளவில் சொன்ன பதில், தெரிந்த ஒருவர் அப்படியானவர் என்பதே. அதே மாதம் ஒஹாயோ மாநிலத்தின் குடியரசுக் கட்சி செனட்டர் ரொப் போர்ட்மன், தன்னுடைய மகன் சொன்ன பிறகு நிலைப்பாட்டை மாற்றினதாக அறிவித்தார். இவர் 1996இல் அந்தத் தடைச் சட்டத்துக்குக் கை உயர்த்தியவர்களில் ஒருவர்.

இந்த இடத்தில் மாணவர்களாகிய எங்களுக்கு ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. வீட்டு வாசலில் 20 நிமிடம் கதைத்தாலே ஒருபாலினத் திருமணம் பற்றிய மனம் மாறும், அந்த மாற்றம் மாதக்கணக்கில் நிலைக்கும் என்று ஓர் ஆய்வுக் கட்டுரை 2014 டிசம்பரில் 'சயன்ஸ்' இதழில் வந்து உலகம் முழுக்கப் பேசப்பட்டது. டேவிட் புரூக்மன், ஜோஷுவா கல்லா என்ற இரண்டு இளம் ஆய்வாளர்கள் அதைப் பின்பற்றித் தாங்களும் ஓர் ஆய்வு செய்யப் போய், தரவுகள் இயல்பாக இல்லை என்று கண்டுபிடித்தார்கள். கட்டுரையின் மூத்த ஆசிரியரான டொனால்ட் கிரீன் தானே அதை மீளப்பெறும்படி கேட்டார். 2015 மே மாதம் இதழ் அதை மீளப்பெற்றது. தரவைத் தந்த முனைவர் பட்ட மாணவர் சொன்னபடி கணிப்பு நடந்திருக்கவில்லை. அடுத்த வருடம் புரூக்மனும் கல்லாவும் மியாமியில் தாங்களே முறையாக ஓர் ஆய்வு செய்தார்கள். திருநர்கள் மீதான வெறுப்பைப் பற்றியது அது. பத்து நிமிட உண்மையான உரையாடல் ஓரளவு மாற்றத்தைக் கொண்டுவருகிறது, அது சில மாதங்கள் நிலைக்கிறது என்று கண்டார்கள். நல்ல நோக்கத்துக்காக என்றாலும் எண்ணை இட்டுக்கட்டக்கூடாது. நோக்கம் நல்லதென்றால் உண்மையான எண்ணே போதும்.

வாக்குக்கு விட்ட இரண்டு தீவுகள்

அமெரிக்காவை மட்டும் பார்த்தால் இது மேற்கத்தையக் கதை எண்டு சொல்லிவிடுவார்கள். ஆதலால் எங்கட பக்கம் ஒரு தீவுக்கு வருவோம். தாய்வானின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2017 மே 24இல், ஒருபாலினச் சோடிகளுக்குத் திருமணத்தை மறுப்பது அரசியலமைப்புக்கு முரண், இரண்டு வருடத்துக்குள் சட்டம் இயற்றவேண்டும் என்றது. எதிர்த்தவர்கள் விடயத்தை மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனார்கள். 2018 நவம்பரில், குடியியல் சட்டத்தில் திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானதாகவே இருக்கவேண்டும் என்று 72 வீதம் பேர் வாக்களித்தார்கள். நீதிமன்றம் ஒரு பக்கம், சனம் மறுபக்கம். குடியியல் சட்டத்தைத் தொடாமல் தனியாக ஒரு சட்டம் எழுதி, 2019 மே 17இல் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது.

அதற்குப் பிறகு என்ன நடந்தது? தாய்வான் அரசாங்கத்தின் கணிப்புகளில் ஆதரவு 2018இல் 37.4 வீதம். சட்டம் வந்த பிறகு, 2020இல் 52.5. 2021இல் 60.4. சட்டத்துக்குப் பிறகுதான் பெரும்பான்மை வந்தது. வானம் இடிந்து விழவில்லை, பக்கத்து வீட்டில் இரண்டு பேர் குடும்பம் நடத்தினார்கள், அவ்வளவுதான். ஆனால் 2023இல் அரசாங்கக் கணிப்பு 62.6 வீதம் என்றபோது பியூ மையத்தின் கணிப்பில் ஆதரவு 45 வீதம், எதிர்ப்பு 43 வீதம். அதே தீவு, அதே வருடம். ஆர் கேட்டது, எப்படிக் கேட்டது என்பதைச் சொல்லாமல் ஓர் எண்ணை மட்டும் தூக்கிப்பிடிக்கிறவரை நம்பவேண்டாம். அவர் எங்கட பக்கம் நின்றாலும் சரி.

மற்றது அவுஸ்திரேலியா. அங்கே நாடாளுமன்றமே நேரடியாகச் சட்டத்தைத் திருத்தியிருக்கலாம். அதைச் செய்யாமல் 2017இல் புள்ளிவிபரத் திணைக்களம் மூலம் எல்லா வாக்காளருக்கும் தபாலில் ஒரு கேள்வி அனுப்பினார்கள். 8 கோடி டொலருக்கும் மேல் செலவு. 79.5 வீதம் பேர் பதில் அனுப்பினார்கள், 61.6 வீதம் ஆம். டிசம்பரில் சட்டம் வந்தது. வெற்றிதான். ஆனாலும் அந்த இரண்டு மாதமும் ஒவ்வொரு பால்புதுமையினரும், தபால்காரன் கொண்டுவந்த கடதாசியில் தன்னுடைய வாழ்க்கை அயலாரின் 'ஆம் / இல்லை' கட்டத்துக்குள் நிற்பதைப் பார்க்கவேண்டியிருந்தது. 38.4 வீதம் பேர் 'இல்லை' என்று எழுதி அனுப்பினார்கள் என்பது வெற்றிக்குப் பிறகும் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. இதை வாசித்தபோது பஸ் தரிப்பிடத்தில் கேட்ட அந்த வசனம்தான் ஞாபகம் வந்தது.

எங்கட எண்

2023இல் பியூ மையம் வெளியிட்ட எண்களில் இலங்கையும் இருந்தது. ஒருபாலினத் திருமணத்துக்கு ஆதரவு 23 வீதம், எதிர்ப்பு 69 வீதம். இந்தோனேசியாவில் ஆதரவு 5, ஜப்பானில் 68, இந்தியாவில் 53.

இந்த எண்ணைப் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது எந்த நாட்டில் கேட்கப்பட்டது என்பதை யோசிக்கவேணும். 1883ஆம் ஆண்டு பிரித்தானியர் எழுதிய தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் இருக்கிற நாடு. 1995இல் 365அ பிரிவைத் திருத்தியபோதும் அதை நீக்கவில்லை. 'ஆண்' என்றிருந்த இடத்தில் 'ஆள்' என்று போட்டார்கள், பெண்களும் உள்ளே வந்தார்கள். 2023 மே மாதம் உயர் நீதிமன்றம், இந்தப் பிரிவுகளை மாற்றும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று தீர்மானித்தது. அதாவது இங்கே கதை இன்னும் திருமணத்துக்கு வரவில்லை. அமெரிக்காவில் 1977இல் கேட்ட கேள்வியில்தான் நாங்கள் நிற்கிறோம். சட்டம் குற்றம் என்று சொல்லிவைத்திருக்கிற ஒன்றுக்கு, வாசலில் வந்து நிற்கிற முன்பின் தெரியாத ஆளிடம் 100 பேரில் 23 பேர் 'ஆதரவு' என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அந்த 23 குறைவாகத் தெரியவில்லை.

எண்கள் ஒரு திசையில் மட்டும் போகும் என்று நம்பியிருக்கவும் ஏலாது. அமெரிக்காவில் கலப் கணிப்பில் 71 வீதம் வரை போன ஆதரவு 2025இல் 68. குடியரசுக் கட்சியினரிடையே 2022இல் 55 ஆக இருந்தது 41க்கு வந்துவிட்டது. சனம் முன்னுக்கும் போகும், பின்னுக்கும் வரும். ஓர் ஆள் கூடி வாழும் உரிமை அந்த ஏற்ற இறக்கத்தில் தொங்கக்கூடாது என்பதற்குத்தான் அடிப்படை உரிமைகள் என்று ஓர் அத்தியாயத்தை அரசியலமைப்பில் வைத்திருக்கிறார்கள். சிறுபான்மையாக இருந்து தலை எண்ணிக்கையில் தோற்றுத் தோற்றுப் பழகிய தமிழர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை என்றுதான் நினைத்திருந்தேன். எங்கட சனத்துக்கு 'பெரும்பான்மை விரும்பவில்லை' என்று யாராவது சொன்னால் எங்களுக்குக் கோபம் வருகிறது. அதே வசனத்தை எங்களுக்குள்ளே இருக்கிற ஒருவருக்கு நாங்கள் சொல்லும்போது எந்தக் கூச்சமும் வருவதில்லை.

அப்படியென்றால் கணிப்பே எடுக்கக்கூடாதா? எடுக்கலாம். மாற்றத்தை அளக்க வேறு வழி குறைவு. வெறுப்பு எங்கே இருக்கிறது, எங்கே தளர்கிறது என்று அறியாமல் வேலை செய்யவும் முடியாது. ஆனால் அது வானிலை அறிக்கை மாதிரி. மழை வருமா என்று பார்க்கலாம், ஒருவருக்குக் குடை குடுக்கலாமா என்று அதைப் பார்த்துத் தீர்மானிக்கக்கூடாது.

ஒப்படைக்கு வருவோம். 14ஆவது கேள்வியை நாங்கள் வெட்டவில்லை. சிநேகிதரோடு இருந்து திரும்ப எழுதினோம். "உங்களுக்குத் தெரிந்தவர்களில் பால்புதுமையினர் யாராவது இருக்கிறார்களா?" என்று முதலில் ஒன்று. "உங்கள் நெருங்கிய நண்பர் தன் ஒருபாலினத் துணையோடு சேர்ந்து வாழ முடிவெடுத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று அடுத்தது. கட்டம் போடவில்லை, எழுத இடம் விட்டோம். விரிவுரையாளர் அட்டவணைப்படுத்தக் கஷ்டம் என்று புள்ளி குறைத்தார்.

60 பேரில் 41 பேர் முதற் கேள்விக்கு 'யாரையும் தெரியாது' என்று எழுதியிருந்தார்கள். அந்தப் படிவங்களில் கனக்க எங்கட வகுப்பில் நிரப்பினது. சிநேகிதர் அதே வகுப்பில்தான், மூன்றாவது வரிசையில் இருந்துகொண்டு அந்தக் கட்டை எண்ணினார்.